பிள்ளைக்கு இரண்டு சதுர மீட்டர்

பிளாயா தொர்சீதா என்ற கடலோர ஊரில் எர்மெலிந்தா பச்சேக்கோவின் வீடு, வெளியிலிருந்து அளந்தால் அகலம் நான்கு மீட்டர், நீளம் ஆறு. உள்ளே எவ்வளவு என்பது அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பிள்ளை வாசல் தாண்டினால் கூடம் இரண்டு சதுர மீட்டர் பெரிதாகும். சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மாக்காரி வந்து அழைத்துப் போனால் அதே இரண்டு மீட்டர் சுருங்கும். காய்ச்சல் என்று யாராவது வராமல் போன நாளில் கூடம் அந்த அளவுக்குக் குறைச்சலாகவே இருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது.

ஏழைகள் வாழும் தெருக்களில் ஒரு பெண் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அரிசியும் சத்துமாவும் பாயும் தராசும் அரசாங்கம் கொடுக்கும் என்று திட்டம் வந்தபோது, எங்கள் தெருவில் முதலில் கை தூக்கியவள் எர்மெலிந்தா. காகிதத்தில் அவளுக்குப் பட்டம் சமூகத் தாய். பிள்ளைகளுக்கும் ஊருக்கும் அவள் சேன்யோ, அதாவது டீச்சரம்மா. முதல் நாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். கூடத்தைப் பெருக்க ஆரம்பித்தவளுக்குப் பெருக்கப் பெருக்கச் சுவர் வந்தபாடில்லை. தெருப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்துமாவு மூட்டையை மேற்குச் சுவரில் சாய்த்து வைத்தால் சுவர் வளராமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாதது அவள் புருஷன் நிகானோருக்கு மட்டும். அந்தக் கூடத்தைத் தன் கையால் பலகை அறுத்து, மூன்றுக்கு மூன்று என்று கட்டியவன் அவன். தன்னைக் கேட்காமல் அது வளர்வது அவனுக்கு ரோஷமாக இருந்தது. மத்தியானம் மீன்பிடித்துவிட்டு வந்து, சுவருக்குச் சுவர் ஊஞ்சல் வலையைக் கட்டிப் படுப்பான். நான்கு மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பக் கிளம்பச் சுவர்கள் நெருங்கி வரும், வலை தொய்யும், கடைசிப் பிள்ளை போகும்போது அவன் பின்பக்கம் தரையில் இருக்கும். "என் வீட்ல நான் நிம்மதியா தொங்கக்கூட முடியல!" என்று கத்துவான். மறுநாளும் அங்கேயே கட்டுவான். அவன் குணம் அப்படி.

இருபதாவது வருஷத்தில் சுற்றறிக்கை வந்தது. பிள்ளை ஒன்றுக்கு இரண்டு சதுர மீட்டர் கூடம் இல்லாத வீடுகளை மூடிவிட வேண்டும், அளந்து பார்க்க ஆய்வாளர் வருவார் என்றது. அப்போது எர்மெலிந்தாவிடம் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் அத்தனை பேரும் நண்டுச் சதை எடுக்கும் ஆலையில் ஏழரை மணிக்குக் கத்தியோடு நின்றாக வேண்டியவர்கள். இதை மூடினால் அடுத்த சேன்யோ வீடு ஆற்றுக்கு அக்கரையில், படகில் ஒரு மணி நேரம். எர்மெலிந்தாவுக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அவளுக்கென்று பிள்ளை கிடையாது. இந்தப் பன்னிரண்டும் போனால் காலையில் எழுந்து யாருக்காகக் கஞ்சி கிண்டுவது என்று நினைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி வருகிறார் என்றால், வீட்டில் தினமும் புழங்குவதை எல்லாம் ஒளித்துவிடுவோம். எர்மெலிந்தாவும் ஒளித்தாள். ஊஞ்சல் வலையை ஒளித்தாள், நாயை ஒளித்தாள், நசுங்கிய தட்டுகளை ஒளித்தாள், நிகானோரை அவன் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். கடைசியாக, கூடம் துப்புரவாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு அம்மாக்களிடமும் போய், அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தவளுக்கு இது எப்படி உறைக்காமல் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். அதிகாரி என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்கு மூளை அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

ஆய்வாளர் காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். பெயர் வில்பிரிதோ அரியேத்தா, வயது முப்பத்துநான்கு, சட்டைப்பையில் இரண்டு பேனா, இடுப்பில் ஐந்து மீட்டர் இரும்பு டேப். சட்டைப்பையில் பேனா வைத்தவரை எங்கள் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டேப்பின் கொக்கியை ஒரு சுவரில் மாட்டி மறுசுவருக்கு நடந்தார். மூன்று மீட்டர். குறுக்கே அளந்தார். அதுவும் மூன்று.

"ஒம்பது சதுர மீட்டர். நாலு பிள்ளைக்குத்தான் காணும், சேன்யோ. பன்னெண்டு எழுதியிருக்கீங்க."

எர்மெலிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ டாக்டர், நான் ஒரு மடச்சி! பிள்ளைங்க வந்தா கூடம் சரியாயிடும், டாக்டர். பிள்ளைங்கள நான்தான் வராதேன்னுட்டேன்."

"பிள்ளைங்க வந்தா எடம் கொறையும். கூடாது."

"ஊர்ல எல்லா வீட்லயும் கொறையும். இங்க கூடும்."

 இதைவிட மோசமான சாக்குகளை அரியேத்தா கேட்டிருந்தார். படிவத்தை முழங்காலில் வைத்து, 'மூடப் பரிந்துரை' என்று எழுத ஆரம்பித்தார். 'மூட' வரைக்கும் எழுதியிருப்பார், அதற்குள் வாசலில் மூச்சு வாங்க தியோசெலினா நின்றாள், இடுப்பில் நான்கு வயது மகள் யானேரிஸ்.

"சேன்யோ, கோவிச்சுக்காத. கொண்டாரக் கூடாதுன்னுதான் பாத்தேன். கத்தியும் கையுமா நிக்கிற எடத்துல இவள நான் எங்க வெப்பேன், நண்டுக் கூடையிலயா?" அதிகாரியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா மூலையில ஒளிச்சு வெச்சுக்க. சத்தம் போடமாட்டா."

யானேரிஸ் உள்ளே காலை வைத்தாள். மேற்குச் சுவர் அறுபத்தேழு சென்டிமீட்டர் பின்னால் போனது. அந்தச் சுவரில் கொக்கி மாட்டித் தரையில் கிடந்த டேப் சரசரவென்று நீண்டது. அரியேத்தா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அதற்குள் அடுத்த அம்மா, அதற்கடுத்த அம்மா. ஒருத்திக்கும் பிள்ளையை விட்டுப் போக வேறு இடம் இருக்கவில்லை. நான்காவது பிள்ளை வந்தபோது ஐந்து மீட்டர் டேப் தீர்ந்துபோய் கொக்கி தெறித்தது. சுவரைப் பிடிக்க ஓடினார் அரியேத்தா, சுவர் அவரைவிட வேகமாக நடந்தது. ஏழேகால் மணிக்குப் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது, அவர் கூடத்தின் அந்தக் கடைசியில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் கை ஆட்டினார். யானேரிஸ் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து டேப்பைப் பிடித்துக்கொள்ள, மூன்று முறை கொக்கி மாற்றி அளந்தார். நீளம் பதினொரு மீட்டர், முப்பத்துமூன்று சதுர மீட்டர்.

"பாத்தீங்களா!" என்றாள் எர்மெலிந்தா. அவளுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது.

ஆனால் அரியேத்தா லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. படிவத்தில் சுவர் என்ற இடத்தில் செங்கல், பலகை, மூங்கில் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. நகர்வது என்று ஒரு கட்டம் இல்லை. "நகர்ற சுவர் சுவரே இல்ல, சேன்யோ. கட்டடத்துல கோளாறுன்னுதான் நான் எழுத முடியும். கோளாறு இருந்தா மூடணும். மத்தியானம் இன்னொரு தடவை அளந்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன். ரெண்டு தடவை அளக்கணும்ங்கறது விதி."

அழுதால் நேரமாகும், உலையில் அரிசி இருந்தது. எர்மெலிந்தா சமைத்தாள். பதினோரு மணிக்குத் தேங்காய்ப்பால் சோறும் பருப்பும் வறுத்த வாழைக்காயும் சத்துமாவுக் கஞ்சியும் பரிமாறினாள். வீட்டையே மூட வந்தவனானாலும் பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. குட்டி நாற்காலி ஒன்றில் அவரை உட்காரவைத்தாள். முழங்கால் இரண்டும் காதைத் தொட, அவர் கஞ்சியைக் குடித்தார்.

"சின்ன வயசுல எந்த சேன்யோ வீட்டுக்குப் போனீங்க, டாக்டர்?" என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"எங்க ஊர்ல இதெல்லாம் கெடயாது. அம்மா வீடு வீடாப் போயித் துணி தொவைக்கும். கட்டில் காலோட என் காலக் கட்டி வெச்சுட்டுப் போகும்."

"ஐயோ! எம்புட்டுக் கயிறு?"

அளக்கிறவர் அல்லவா, யோசிக்காமலே சொன்னார். "ஒன்னரை மீட்டர்."

எர்மெலிந்தா அவர் கோப்பையில் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்தார்கள். யானேரிஸ் தன் பாயில் பாதியை அவருக்கு விட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு தூங்கிப்போனார். எர்மெலிந்தா அவர் ஷூவைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு வரிசையில் வைத்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்து, கன்னத்தில் பாய்த் தடத்தோடு, விதிப்படி இரண்டாம் முறை அளந்தார். நீளம் பதினொரு மீட்டர் அறுபத்தேழு சென்டிமீட்டர். முப்பத்தைந்து சதுர மீட்டர். இரண்டு கூடுதல்.

"யாரோ ஒரு பிள்ளை புதுசா வந்திருக்கு" என்றார்.

"வரலியே."

எண்ணினார். பன்னிரண்டு. கழிவறையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். கணக்கு உதைத்ததில் அவருக்கு வியர்த்தது. அந்த வீட்டில் தினமும் தலை எண்ணுகிற வேலை யானேரிசுடையது. அவள் சலித்துக்கொண்டே எழுந்து, ஒவ்வொரு வயிற்றிலும் விரலால் குத்திக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு என்று தன் வயிற்றில் குத்திக்கொண்டாள். பிறகு அரியேத்தாவின் முன்னால் வந்து நின்றாள்.

"பதிமூணு" என்று அவர் வயிற்றில் குத்தினாள். "ஒனக்கு எண்ணத் தெரியாதா?"

அரியேத்தா சுவரைப் பார்த்தார். கட்டிப்போட ஒரு கட்டில்கால் இல்லாத அந்தக் கூடம் முழுவதையும் பார்த்தார். முப்பத்துநான்கு வயது மனிதர், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, வெறுங்காலோடு நின்று தேம்பித் தேம்பி அழுதார். அழுகிற பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எர்மெலிந்தா மூக்கைத் துடைத்துவிட்டாள், யானேரிஸ் கடித்த வாழைப்பழத்தில் மிச்சத்தைக் கொடுத்தாள்.

'மூட' என்று எழுதிய படிவத்தைக் கிழித்துவிட்டு, புதுப் படிவத்தில் சுவர் பலகை என்றும், பிள்ளைக்கு இரண்டு மீட்டர் விதிக்குக் குறையவில்லை என்றும் எழுதினார். பொய் எழுதுகிற ஆள் இல்லை அவர், அதனால் பெயர்ப் பட்டியலில் பதின்மூன்றாவது வரியையும் நிரப்பினார். பெயர் அரியேத்தா, வில்பிரிதோ. வயது முப்பத்துநான்கு. துணிக் கால்சட்டையில் பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் அரசாங்கத் தராசு அவரைத் தாங்காது என்பதால், நண்டு ஆலைத் தராசில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எடை எழுபத்தொன்று. உயரம் வயதுக்கு ஏற்றது. பதினான்கு பிள்ளைகள் வரை விதி அனுமதித்தது, மேலிடத்தில் வயதுக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. அனுமதி முத்திரையோடு வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, எடை பார்க்கிற நாளில், ஆய்வு என்று சொல்லிக்கொண்டு வருவார். கஞ்சி குடிப்பார், தூங்குவார். அவர் கிளம்புகிற நேரத்தில் வலை கூடுதலாக ஒரு முறை தொய்வது நிகானோருக்கு இன்னும் பிடிக்கவில்லை. யானேரிஸ் வளர்ந்து பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டாள், இப்போது வேறு ஒரு வாண்டு எண்ணுகிறது.

போன மாதம் அரியேத்தா வரவில்லை. கூடம் பதினொரு மீட்டரோடு நின்றுவிட்டது. எர்மெலிந்தா அவர் பெயருக்கு நேரே 'காய்ச்சல்' என்று எழுதி, அவர் பங்குக் கஞ்சியைத் தட்டு போட்டு மூடி வைத்தாள்.