எட்டில் எட்டு போக ஒன்று

1

இந்தக் கதை ஒரு தவறான விடையிலிருந்து பிறந்தது. எட்டிலிருந்து எட்டைக் கழித்தால் ஒன்று. இதை ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, பென்சிலை நன்றாக அழுத்தி, சந்தேகமே இல்லாமல் எழுதினார்.

கதையில் தப்பு செய்தவர் ஒருவர் உண்டு. விடையை எழுதியவர் அல்ல. யார் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நல்லவளாகவே நினைத்துக்கொண்டிருங்கள், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து, ஆந்திராவில் பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரு தனியார் பள்ளியில் வேலைக்கு வந்தேன். பள்ளியை மூடிவிட்டார்கள், நான் இருந்துவிட்டேன். படிப்பை நடுவில் விட்ட பெரியவர்களுக்காக எண்கணிதப் புத்தகம் ஒன்றைத் தெலுங்கில் எழுதியிருக்கிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அவற்றின் விதிகள், எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம். அதை வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னறையில் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு எடுக்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியத்தில் அசிரம்மா முக்காடிட்டபடி" (மழையே இல்லை. மார்ச் மாதம், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது.)

"எண்கள் பொய் சொல்வதில்லை என்று" (யார் சொன்னது? விட்டுவிட்டேன்.)

"அசிரம்மா ஒரு ஏழைப் பெண்" (இதைப் படித்துக் காட்டினால் அசிரம்மாவே என்னை அடிக்க வருவார்.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அசிரம்மா இங்குள்ள அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறவர், என்னைவிட ஒன்றரை வயது மூத்தவர். பள்ளி விடுமுறை என்றால் அவருக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. மாணவியர் விடுதி ஒன்றில் நிரந்தரச் சமையல் வேலை காலியாக இருந்தது. தங்க ஓர் அறையும் கொடுப்பார்கள். ஏழாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும், வயது நாற்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. அவருக்கு ஜூலையில் நாற்பத்திரண்டு முடிகிறது. ஏப்ரல் தேர்வில் தேறினால் வேலை, தவறினால் பிறகு எந்தக் காலத்திலும் கிடையாது.

3

"எட்டுல எட்டு போனா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு."

"எப்படிக்கா ஒண்ணு?"

"வழிச்சு எடுக்கக் கூடாதில்ல, டீச்சரம்மா? குதிர்ல அரிசி எடுக்கும்போது அடியில ஒரு பிடி விட்டுட்டுத்தானே எடுப்போம். உங்க ஊர்ல தொடச்சே எடுத்துருவாங்களா?"

"இது அரிசி இல்லக்கா, எண்ணு."

"எதோட எண்ணு? எட்டுன்னு ஒண்ணு சும்மா தெருவுல சுத்திக்கிட்டு இருக்கா?"

[எட்டு என்பது தனியாக எங்காவது இருக்கிறதா என்று பெரிய படிப்பு படித்தவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அசிரம்மா அந்தச் சண்டையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கலந்துகொண்டார்.]

அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். 784-லிருந்து 284-ஐக் கழித்து 511 என்று எழுதியிருந்தார். எங்கெல்லாம் ஒரு எண்ணிலிருந்து அதே எண் போகிறதோ, அங்கெல்லாம் ஒன்றை விட்டுவைத்திருந்தார். வகுத்தலிலும் அதே கதைதான். எண்பத்துநான்கை நான்கால் வகுத்தால் இருபத்துமூன்று, மீதி இரண்டு. (எட்டில் எட்டு போக விட்டுவைத்த ஒன்று, அடுத்த நான்கோடு சேர்ந்து பதினான்காகிவிடும்.) அவர் போட்ட எந்த வகுத்தலும் மீதியில்லாமல் முடியவில்லை.

"சரி, பள்ளிக்கூடத்துல எண்பத்திநாலு முட்டை. புள்ளைங்க நாலு வரிசை. ஒரு வரிசைக்கு எத்தனை?"

"இருபத்தொண்ணு." கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"மீதி?"

"மீதி ஏது? மீதி வச்சா ஹெட்மாஸ்டர் என்னத் திருடின்னு சொல்லமாட்டாரா?"

"அப்ப நோட்டுல மட்டும் ஏன் மீதி ரெண்டு?"

"முட்டை சர்க்காரோடது. நோட்டு என்னோடது. என் கையால, என் நோட்டுல, எல்லாத்தையும் எடுத்துட்டு சுன்னா போட்டு வைக்கணுமா? ஒலம்மோ! நான் மாட்டேன்."

[பத்தில் வரும் சுன்னாவை, அதாவது சுழியை, அவர் தயங்காமல் போடுவார். அது அவர் எடுத்ததால் வந்த சுழி இல்லையாம்.]

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த அறையில் அதற்கு முன் எப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது என்று எனக்கு நினைவில்லை.

4

இந்தப் பகுதியை எழுதாமல் இரண்டு நாள் ஓட்டினேன். அலமாரியைத் துடைத்தேன், பழைய சாக்பீஸ்களை நீளவாரியாக அடுக்கினேன்.

கழித்தல் என்றால் எடுத்தல் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது வாத்தியார்களின் சோம்பேறித்தனம். கழித்தலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. எட்டுப் புளியங்கொட்டையை இங்கே வையுங்கள், எட்டை அங்கே வையுங்கள். எந்தக் குவியலில் எவ்வளவு கூடுதல்? ஒன்றும் கூடுதல் இல்லை. அதுதான் சுழி. யாரும் எதையும் வழித்தெடுக்கவில்லை. இரண்டு குவியலும் அப்படியே நிறைந்து இருக்கின்றன. சுழி என்றால் காலி என்று மட்டும் அர்த்தமில்லை, இரண்டும் சரிசமம் என்றும் அர்த்தம். இப்படிச் சொல்லியிருந்தால் அசிரம்மா பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டிருப்பார். அடியில் ஒரு பிடி விடுகிற சாத்திரத்துக்கும் குறை வந்திருக்காது.

இந்த விளக்கம் எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை.

வகுப்பு தொடங்கியபோது பதினொரு பேர். ஐதராபாத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் போக, சலித்துப்போய் நின்றவர்கள் போக, பிப்ரவரியில் அசிரம்மா ஒருவர்தான் மிச்சம். அவர் தேறிவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். ஒரு நாளில் நான் மனிதர்களோடு பேசுகிற பேச்சு முழுவதும் மூன்று மணியிலிருந்து நாலரை மணிக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு அந்நியமாக இருக்கும். பால்காரரிடம் வேண்டுமென்றே ஒரு கேள்வி அதிகமாகக் கேட்பேன்.

திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. "பரவால்லக்கா, அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். அடுத்த வாரம் பின்னங்களுக்குப் போனோம். அதற்கடுத்த வாரம் நீளம், எடை. அப்புறம் என்பது ஏப்ரல்வரை வரவே இல்லை.

(தனிமையில் இருப்பவர்கள் நல்லவர்கள் என்று கதைகளில் எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.)

5

கதைக்கு யோசித்த முடிவுகள் இரண்டு. ஒன்றில், தேர்வு அறையில் அசிரம்மாவுக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது. இதை எழுத எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் பொய். இன்னொன்றில், தேர்வுக்கு முந்திய மாலை நான் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடுகிறேன். தெருமுனைவரை நிஜமாகவே போனேன். முட்டை இருபத்தொன்று என்று பட்டென்று சொன்னவர்தானே, சமாளித்துக்கொள்வார் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஜூனில் ஒரு திங்கட்கிழமை, சரியாக மூன்று மணிக்கு, அசிரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கூழ்த் தூக்குவாளி.

"தெலுங்குல அறுபத்தெட்டு. கணக்குல இருபத்தொம்போது. முப்பத்தஞ்சு வேணுமாம்."

"வேலை?"

"போச்சு. சீதம்பேட்டைக்காரி ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. சின்னப் பொண்ணுதான், பொழைக்கட்டும்." பெஞ்சில் உட்கார்ந்து, கூழை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். வெங்காயத்தைக் கையாலேயே நசுக்கினார். "மொகத்த ஏன் அப்படி வச்சிருக்கீங்க? உங்க தப்பு இல்ல. நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க, என் மண்டையில ஏறல."

"இனிமே தேறினாலும் அந்த வேலை கெடைக்காதேக்கா. அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நான் வரலேன்னா நீங்க யார்கூடப் பேசுவீங்க? அந்தக் கரும்பலகைகூடவா?"

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்தேன். நன்றாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

6

இதை ஏன் தெலுங்கில் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அசிரம்மாவால் தமிழ் படிக்க முடியாது. உங்களுக்கு அவரைத் தெரியாது. தப்பை ஒப்புக்கொள்ள இதைவிடச் சௌகரியமான இடம் எது?

ஆனால் இப்போது மணி மூன்றே கால். அவர் எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன எழுதுறீங்க?"

"கதை."

"என் பேர் அதுல இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"ஒலம்மோ! அப்ப படிங்க. நம்ம பாஷையில சொல்லிச் சொல்லிப் படிங்க. ஒரு வரிகூட விடக் கூடாது, ஆமா."

ஒரு நிமிடம், முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி இந்த வரிகளை எழுதுகிறேன். அவர் காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டார். நான்காம் பகுதியை விட்டுவிட்டுப் படித்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. முதல் பகுதியில் தப்பைப் பற்றிய வரிகளையும் ஐந்தில் புளியங்கொட்டையையும் விழுங்கிவிட்டு, மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குப் போகலாம், கதை அப்போதும் ஒட்டிக்கொள்ளும், படித்துப் பார்த்துவிட்டேன். நான் எதைப் படிக்கப்போகிறேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என்னை இவ்வளவு தூரம் பார்த்த உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பகுதியை எடுக்கிறேன். அவர் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.