தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஓர் அச்சுப் பிழையிலிருந்து பிறந்தது என்று முதல் வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அச்சுக்கு என்ன தெரியும், பாவம். பிழை என்னுடையது.

என் பெயர் சிக்கந்தர். சிம்மக்கல்லில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பில் புக்கு, இவைதான் பிழைப்பு. புரூஃப் பார்ப்பதும் நானே. ஏழு வருஷமாக இந்தக் கதையை எழுதப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்திலேயே யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாகிவிடுகிறேன். இந்தத் தடவை நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். நழுவினால் சட்டையைப் பிடித்து இழுங்கள்.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள் இரண்டு. பார்த்துவிட்டுப் போங்கள்.

"1982 ஆவணி மாதம். கம்பாஸிட்டர் சோணையின் கவனக்குறைவால் நடந்த ஒரு…"

(பொய். எழுத்துக் கோப்பதில் சோணை கெட்டிக்காரன். இதைப் படித்துவிட்டு, "தப்பு நீங்க செஞ்சிட்டு எம்மேல ஏன் பாய் ஏத்துறீக?" என்று கேட்டான். நியாயம்தானே.)

"செல்லத்தாயின் கண்களில் தீராத சோகம் ஒன்று…"

(இதுவும் பொய். சோகமாவது ஒன்றாவது! முதல் நாள் அவள் குடையை எங்கள் கடையில் மறந்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து, "குடைக்கு வாடகை போட்டுட்டீங்களா பாய்?" என்று சிரித்தாள். வாழ்க்கையில் அடிபட்டவள் என்றால் சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். செல்லத்தாய் ஒத்தக்கடை தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்கார்கிறவள். முப்பது வயதிருக்கும். ஒருநாள் நான்கு நீள நோட்டுகளைக் கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தாள்.

"புஸ்தகமாப் போடணும் பாய். இருநூறு போதும்."

"கதையா தங்கச்சி?"

"இல்ல. நடந்தது."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏழு வயசுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும்."

3

அப்பன் இறந்ததும் அம்மா அவளை மேலூரில் தன் தம்பி மலையாண்டி வீட்டில் விட்டிருக்கிறாள். செல்லத்தாய்க்குத் தாய்மாமன். அந்த ஐந்து வருஷம்தான் நான்கு நோட்டும்.

நான் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அழுவதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். அவள் என்னை அழவே விடவில்லை. இரண்டாவது நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்:

"மாமா சைக்கிள் ஸ்டாண்டை மெதுவாகப் போட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு உண்டு. காலால் உதைத்துப் போட்டால் மாட்டுக் கொட்டிலுக்குள் ஓடிவிடுவேன். ஸ்டாண்டே போடாமல் சுவரில் சாய்த்தால் எங்கே ஓடியும் பிரயோசனம் இல்லை. வகுப்பில் எல்லாரும் வாய்ப்பாடு படித்தார்கள். நான் இதைப் படித்தேன்."

படித்ததும் வாய்விட்டு "சபாஷ்" என்று சொல்லிவிட்டேன். சோணை திரும்பிப் பார்த்தான். அந்த நாலைந்து வரியில் அடி என்ற வார்த்தையே இல்லை. ஆனால் அன்று மாலை கடை வாசலில் எவனோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆம்பளை நான். எழுத்து என்றால் இதுவல்லவா எழுத்து!

கெண்டைக்காலில் கரண்டியால் வைத்த சூட்டுக்கு ஒரே ஒரு வரி. அந்த மாமன் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையிலிருந்து வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, வலிக்காமல் போட்டுவிட்ட கண்ணாடி வளையலுக்கு ஒன்றரைப் பக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன்.

"வளையலை எடுத்துரலாம் தங்கச்சி. படிக்கிறவன் அந்த ஆளை நல்லவன்னு நெனச்சிருவான்."

"நெனச்சா நெனக்கட்டும் பாய். வளையல் போட்ட கையும் அதே கைதான். அதை எழுதலைன்னா மத்ததையும் நான் எழுதக் கூடாது."

வளையலில் நான் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த ஏழு வருஷத்தில், பிள்ளைப் பிராயத்தில் கொடுமை அனுபவித்தவர்கள் எழுதிய சுயசரிதைகளை எங்கே கண்டாலும் வாங்கிப் படிக்கிறேன். என் மனைவி ஆரிபா, "ஏங்க, வேற புஸ்தகமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? இவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுவதில்லை, ஆரிபா. அசந்து போகிறேன். தப்பித்து வந்ததே பெரிய காரியம். அதற்கு மேல், திரும்பி அதே வாசலுக்குப் போய், அந்தச் சைக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்த்து எழுத எம்புட்டு நெஞ்சுரம் வேண்டும்! வாசிக்கிற நாமோ போலீஸ்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கிறோம். செல்லத்தாய் அதற்கும் பதில் எழுதியிருந்தாள்:

"சொன்னேன். மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் 'மாமன்தானே' என்றார்கள்."*

(* அந்த மூன்று பேர் மேலும் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. நாலாவது ஆள் அந்த நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

4

இனி என் தப்பு. எழுதும்போதே கை பின்வாங்குகிறது. பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். செல்லத்தாய்க்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. அப்படி இல்லாதபோது அவளுடைய மாமனே வந்து மடி கொடுப்பதுதான் முறை என்று உறவுக்காரர்கள் வீடு தேடி வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மகள் அழகம்மாளுக்கு வயது மூன்று. அந்தப் பிள்ளையை மலையாண்டி மடியில் வைக்க மாட்டேன் என்பதில்தான் செல்லத்தாயின் உயிரே இருந்தது. அதற்காகத்தான் எழுதவே ஆரம்பித்தாள். வாயால் சொல்ல முடியவில்லை, எழுதினாள். காதுகுத்துக்கு முன்னால் புத்தகம் வராது என்று நான் சொன்னபோது, "பரவால்ல பாய், எழுதுனதே தெம்பாத்தான் இருக்கு" என்றாள். காதுகுத்துப் பத்திரிகையையும் என்னிடமே கொடுத்தாள்.

காதணி விழாவுக்குக் கோத்த ஈய எழுத்துகளை நாங்கள் பிரித்துப் போடுவதே இல்லை. கட்டியே வைத்திருப்போம். பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். கடைசியில் 'தாய்மாமன்' என்று ஒரு வரி உண்டு. அவள் எழுதிக் கொடுத்த தாளில் அந்த வரி இல்லை.

நான் மூன்றாவது நோட்டில் மூழ்கியிருந்தேன். சோணை எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கேட்டான்.

"பாய், தாய்மாமன் பேரு எழுதாம விட்டுட்டாக."

"மலையாண்டி. மேலூர்."

சொன்னது நான்தான். நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. எந்த நோட்டைப் படித்து அசந்து போனேனோ அந்த நோட்டிலிருந்தே அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தேன். இருபது வருஷமாகக் காலி இடத்தை நிரப்பிய வாய். கண் செல்லத்தாய் பக்கம், வாய் முறையின் பக்கம். புரூஃபையும் நானே பார்த்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. முந்நூறு பத்திரிகை.

(நான் அப்போது மிகவும் களைப்பாக… வேண்டாம். களைப்பெல்லாம் இல்லை.)

5

மறுநாள் காலையில் பத்திரிகைகளை வாங்க வந்தவன் அவள் புருஷன் கருத்தக்கண்ணன். பக்கத்துத் தெருவில் காய்கறி மண்டியில் வேலை. அவளுக்கு மாமன் மேல் ஏதோ கோபம் என்பதைத் தவிர அவனுக்கு விவரம் எதுவும் தெரியாது. காலில் இருந்த தழும்பைக்கூட அடுப்பில் பட்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். பத்திரிகையைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல்.

"பரவால்லண்ணே, மாமன் பேரப் போட்டுட்டாளே! கோவம் தணிஞ்சிருச்சு போல. நான் இப்பவே போறேன்."

முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அந்த முறைப்படி அவன் குலசாமிக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு நேராக மேலூர் பஸ் ஏறிவிட்டான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றேன்.

மத்தியானம் செல்லத்தாய் வந்தாள். மிச்சமிருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்தாள். எனக்கு இப்போதும் அந்த நிமிஷம்தான் வந்து நிற்கிறது. கத்தியிருந்தால் தேவலை. அவள் வாசல் பக்கம் திரும்பி, சைக்கிள் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தாள்.

"நோட்டுல அம்புட்டையும் படிச்சீங்கள்ல பாய்?"

"படிச்சேன் தங்கச்சி."

"படிச்சிட்டுமா?"

யா அல்லா! நடந்ததைச் சொன்னேன். காலில் விழாத குறை. பத்திரிகை மேலூருக்குப் போய்விட்டதையும் சொன்னேன். அவள் காகிதக் கட்டு மேல் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"மறுபடி அடிங்க. தாய்மாமன்கிற வார்த்தை இருக்கட்டும். பேரு வேணாம்."

"வார்த்தையையும் எடுத்துரவா? அந்த இடம் காலியா இருந்தா அசிங்கமா இருக்குமே."

"யாருக்கு பாய் அசிங்கம்? நான் மறந்து விட்டுட்டேன்னு யாரும் நெனக்கக் கூடாது. பாக்குறவங்க பாக்கட்டும்."

நாலு மணிக்குக் கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். மாமன் ஏழு தட்டு சீரோடு வருவதாகச் சொல்லிவிட்டாராம். அவள் என்னைப் பார்த்து, "அந்த ரெண்டாவது நோட்டை எடுத்து அவர்ட்டக் குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டு, சோணையை மெஷினை நிறுத்தச் சொன்னேன். கருத்தக்கண்ணன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். பிறகு உட்கார்ந்தான். பக்கம் பக்கமாக, விரலை வைத்து வைத்துப் படித்தான். முடித்துவிட்டு அவள் காலைத்தான் பார்த்தான்.

"அடுப்புன்னு சொன்னியே தாயி."

"சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னை மாதிரி கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் இல்லை அவன். நோட்டுகளை வரிவரியாகப் படித்த எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, காய்கறி மண்டிக்காரனுக்குத் தெரிந்தது.

6

காதுகுத்து நடந்த அழகர்கோவிலுக்கு நானும் போயிருந்தேன். (போகவில்லை என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். வெட்கம்.)

மலையாண்டி ஏழு தட்டோடு வந்தார். நான் அரக்கனை எதிர்பார்த்தேன். வந்தது ஒட்டிய கன்னத்தோடு ஒரு கிழவர். கதைக்கு இது வசதியாக இல்லை, என்ன செய்வது. யாரும் சொல்வதற்கு முன்னால் போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியை நீவிவிட்டு, கையை நீட்டினார்.

செல்லத்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி எதிரே போய் நின்றாள்.

"எந்திரிங்க மாமா."

"ஏம்மா? நான்தானே…"

"எம்பிள்ளைக்கு என் மடி போதும். எந்திரிங்க."

கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில், "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல ஆத்தா, மாமன்தானே" என்று ஒரு குரல். அதற்குள் கருத்தக்கண்ணன் முன்னால் வந்தான். "எந்திரிங்கன்னு சொல்றாள்ல" என்றான். சத்தம் போடவில்லை. கிழவர் எழுந்தார். அவள் அந்த மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். அழகம்மாள் ஊரே கேட்க அலறினாள். செல்லத்தாய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "கத்து, நல்லா கத்து, சத்தமாக் கத்து" என்றாள். மற்ற தாய்மார்கள் எல்லாம் அழாதே என்றுதான் சொல்வார்கள்.

7

இப்போது முடிவு. உங்களுக்கு இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: மாமன் மன்னிப்புக் கேட்டார், அவள்…

இரண்டு: மாமன் கேட்கவே இல்லை, அவள்…

இரண்டையும் பாதியில் விட்டேன். ஏனென்றால் புறப்படுகிற நேரத்தில் அவர் அவளிடம் வந்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அவளும் ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னாள். கொட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. புத்தகம் வந்த பிறகு, அதில் தேடினேன். இல்லை. கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு என்ன தங்கச்சி சொன்னே?"

"அதை நான் எழுதல பாய். நீங்களும் எழுதாதீங்க."

நாலாவது ஆளாக இருந்தவன் நான். எனக்கு அது போதும். அவள் புத்தகம் மாதிரி ஒன்றை நான் எழுத முடியாது. அவள் சொன்ன ஒரு காரியத்தைச் செய்ய முடியும். மறுபடி அடித்த பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசி வரியை அதில் உள்ளபடியே கீழே வைக்கிறேன். இது ஒரு முடிவு இல்லை. முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. கை பரபரக்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து எதையும் எழுதி நிரப்பிவிடாதீர்கள்.

தாய்மாமன்: