காலி நாற்காலிக்கு ஒரு சட்டை

எழுந்தேன். நாயை வெளியே விட்டேன். வாசலில் கிடந்த பனியைத் தள்ளினேன். இரண்டு முட்டை பொரித்து, அடுப்படியில் நின்றபடியே தின்றேன். சவரம் செய்தேன். சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினேன். அது நான் படித்த மார்லோ கல்லூரியின் நிறம். இன்று போகவேண்டியது டெல்பர்ட் கல்லூரிக்காரர்களின் கூடாரத்துக்கு. அங்கே எல்லாம் ஊதா.

கையால் பந்தை வீசியும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் மார்லோவுக்குப் புள்ளி எடுக்க வராது. எதிராளியை நகரவிடாமல் நிறுத்த வரும். பத்துப் புள்ளியை வைத்துக்கொண்டு ஜெயிப்பார்கள், பார்க்க அலுப்பாக இருக்கும். டெல்பர்ட் பந்தை வீசிக்கொண்டே இருக்கும். நாற்பது எடுக்கும், முப்பத்தெட்டு கொடுக்கும். நவம்பர் வந்தால் அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் வேறு பேச்சு இல்லை. என் மனைவி கெல்சி டெல்பர்ட்காரி. அவள் அப்பா வெர்ன் ஒரு காலத்தில் அந்த அணியில் ஆடியவர், வீசும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. எங்கள் கல்யாண விருந்திலேயே, உங்கள் காலேஜில் பந்தை வீசினால் அபராதம் போடுவார்களா என்று கேட்டார்.

இரண்டு அணிகளும் மோதும் நாளில், மைதானத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் கூடாரம் போட்டு இறைச்சி சுடுவார்கள். அந்த வருடம் செத்தவர்களின் ஊதாச் சட்டையை மடக்கு நாற்காலிகளில் மாட்டுவார்கள். வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, போனவர் கடைசியாகச் சொன்னதைச் சொல்வார். எல்லோரும் பியரை உயர்த்துவார்கள். செத்தவர்கள் எல்லோரும் ஆட்டத்தைப் பற்றியே பேசிவிட்டுச் செத்திருப்பார்கள். யாரும் அதைக் கிளறுவதில்லை.

கெல்சியின் சட்டைக்குப் பக்கத்தில் வெர்ன் நின்றார்.

"ஆஸ்பத்திரியில டிவியப் பாத்துக்கிட்டே சொன்னா, 'தூரமா வீசுங்கடா'ன்னு. அதான் அவ கடைசியாப் பேசினது."

கூடாரத்தின் மேல் ஊதாத் துணியில் அதைத் தைத்தும் வைத்திருந்தார்கள். பியர்கள் உயர்ந்தன. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"மாப்ளயும் கூட இருந்தான். சொல்லு மாப்ள."

அவர் கண் கெஞ்சியது. நான் தலையாட்டினால் போதும். ஆட்டினால், இனி வருடாவருடம் அந்தத் துணியில் இருப்பவள்தான் கெல்சி. என்னிடம் மிச்சம் இருப்பது அவள் சொன்னது ஒன்றுதான்.

போன நவம்பரில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சுவரில் டிவி. பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் டெல்பர்ட்டை மார்லோ நான்கு முறை நிறுத்தியது. அதிர்ஷ்டம் என்றார் வெர்ன். நாலு தடவையும் அதிர்ஷ்டமா என்றேன்.

"தடுக்கறதெல்லாம் ஒரு ஆட்டமா மாப்ள? சுவருகூடத்தான் தடுக்கும்."

அவளுக்கு மேலாகவே கத்திக்கொண்டோம். அவள் கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். சொன்னபடியே செய்தோம். நடைபாதையில் நின்று மீதியைப் பேசி முடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் இல்லை.

"இல்ல வெர்ன்," என்றேன். "அவ அப்படிச் சொல்லல."

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. கரியில் கொழுப்பு சொட்டிப் பொரிந்தது. வெர்ன் மெதுவாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. நான் சொன்னேன்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க. எனக்குத் தூக்கம் வருது."