ஈரத்துணி

சூளையில் இன்னும் சுடாத வாஷ்பேசின் ஒன்றைத் தேய்த்து முடிக்க அவளுக்கு ஒன்பது நிமிடம் ஆகும். அச்சு விட்டுப்போன கோட்டை முதலில் உப்புத்தாளால் எடுக்க வேண்டும். பிறகு உட்குழிவு, பிறகு குழாய்த் துளை. காய்ந்த மண் மாவாக உதிரும். கனமானது மடியில் விழும். லேசானது எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்று முடிந்ததும் இடுப்பில் செருகியிருக்கும் ஈரத்துணியை எடுத்து, பேசின், மேசை, முழங்கை, மூக்கு என்று அதே வரிசையில் துடைப்பாள். பதினான்கு வருடப் பழக்கம். ஷெட்டில் அவளுக்குப் பெயரே ஈரத்துணிதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

நான்காவது பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவர் வந்து நின்றார்.

"ஈரத்துணி, கையக் கழுவிட்டு வா. ரிசல்ட் வந்தாச்சு. கவரப் பிரிக்கப் போறாங்க."

"அதுக்கு நான் எதுக்குண்ணே?"

"மிஷின் மாட்டுன மூணு பேரும் இருக்கணுமாம். அச்சுக்காரரும் ஸ்ப்ரேக்காரரும் போயாச்சு."

"எவ்வளவு வரும்னு நினைக்கிறீங்க?"

"இந்த ஷெட்டுல தும்முனதச் சேத்து வச்சா ஒரு வாஷ்பேசின் செய்யலாம். வேற எவ்வளவு வரும்?"

அவள் சிரித்தாள். காலையில் அவள் கிளம்பும்போது வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டிருந்தார். "எவ்வளவுன்னு சரியா கேட்டுக்கிட்டு வா." அதைச் சொல்லி முடிக்க அவர் நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. கலவைப் பிரிவில் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்த மனிதர். இப்போது வீட்டுக்கு ஏறும் ஏழு படியில் மூன்றாவதில் உட்கார்ந்துவிடுகிறார்.

அவரைப் போல நெஞ்சு போய் வீட்டோடு கிடந்தவர்கள் பதினோரு பேர். இரண்டு வருடமாக அவர்களுடைய எக்ஸ்ரேக்கள் மேசை மேசையாகப் போய்வந்தன. சங்கத்துக்காக வந்த ஓய்வுபெற்ற டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கல்தூசி என்றார். கம்பெனி கூட்டிவந்த புரொபசர் அதே படத்தைப் பார்த்து, பழைய காசநோய்த் தழும்பு, புகைப் பழக்கம் என்றார். வீட்டுக்காரர் புகைத்ததே இல்லை என்றபோது, பக்கத்தில் நின்றவர் புகைத்திருப்பார் என்றார். டாக்டர் பத்து ஆராய்ச்சிக் கட்டுரை கொண்டுவந்தால் புரொபசர் பன்னிரண்டு கொண்டுவந்தார். இந்த இழுபறியில் பதினோரு பேர் ஒன்பதானார்கள்.

தொழிலாளர் துறை அதிகாரிதான் கடைசியில் ஒரு வழி கண்டார். நுரையீரலைப் பற்றி அடித்துக்கொள்ள வேண்டாம், ஷெட்டின் காற்றில் எவ்வளவு தூசி என்று அளப்போம். இரண்டு பக்கமும் சேராத ஒரு லேப் அளக்கட்டும். எல்லைக்கு மேல் வந்தால் எல்லாருக்கும் கம்பெனி வைத்தியமும் பாதிச் சம்பளமும் தர வேண்டும். கீழே வந்தால் ஃபைல் மூடப்படும். எண் வந்தபிறகு அளந்த முறையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தலைவர் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அடியில் இருந்த மூன்று தாளிலும் அந்தக் கையெழுத்தின் பள்ளம் விழுந்தது.

கூட்ட அறையில் ஏசி ஓடியது. மேசைக்கு ஒரு பக்கம் மேனேஜரும் புரொபசரும், மறுபக்கம் தலைவரும் டாக்டரும். தலைப்பக்கத்தில் அதிகாரி. அச்சுக்காரருக்கும் ஸ்ப்ரேக்காரருக்கும் நடுவே அவள் உட்கார்ந்தாள். நாற்காலி மெத்தென்று இருந்ததால் நுனியில்தான் உட்கார முடிந்தது.

அதிகாரி கவரைக் கத்தரித்தார். தாளை இரண்டு தடவை படித்தார்.

"மூணு பேரோட சராசரி. அனுமதிச்ச எல்லைய நூறுன்னு வச்சுக்குங்க. இங்க வந்திருக்கறது இருபத்தாறு."

தலைவர் காது கேளாதவர்போல முன்னால் சாய்ந்தார். "நூத்தி இருபத்தாறா சார்?"

"இருபத்தாறு."

"இருக்க முடியாது" என்றார் டாக்டர்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்த முகம் இல்லை அது. "உண்மையச் சொன்னா டாக்டர், நானே இதவிட அதிகமாத்தான் எதிர்பார்த்தேன்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் ஃபைலை மூடினார்.

டாக்டர் மூன்று பேர் பக்கமும் திரும்பினார். "அன்னைக்கு வேலை வழக்கம்போல நடந்துச்சா? தண்ணி தெளிச்சாங்களா? ஜன்னலத் திறந்து வச்சாங்களா?"

"இல்லீங்க. எப்பவும்போலத்தான்" என்றார் அச்சுக்காரர்.

"கருவிய யாராவது தொட்டாங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. "தொட விடுவமா டாக்டர்? கண்ணு மாதிரி பாத்துக்கிட்டோம். மேல ஒரு பொட்டுத் தூசி படல. துணி சுத்தி வச்சிருந்தோம்."

டாக்டரின் பேனா நின்றது. "எதச் சுத்தி?"

"காலர்ல மாட்டுனாங்களே, சின்ன மூக்கு மாதிரி. அதச் சுத்தி."

அளவெடுத்த அன்று காலை லேப்காரர் அவள் இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டினார். அதிலிருந்து ஒரு குழாய் மேலே வந்து, கட்டைவிரல் அளவு மூக்கொன்றில் முடிந்தது. அதைப் புடவைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் காலரில் கிளிப் போட்டு மாட்டினார். "என் ஒரு வருஷச் சம்பளத்துக்கும் இது வராது. பழுதாச்சுன்னா அளவே செல்லாது. பத்திரம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் மூக்கு வெள்ளையாகிவிட்டது. துளை அடைத்துக்கொள்ளும்போல இருந்தது. பழுதானால் நாமே உடைத்தோம் என்றுதான் கம்பெனி சொல்லும் என்று அவளுக்குப் பயம். இடுப்புத் துணியை மூன்றாகக் கிழித்தாள். நனைத்துப் பிழிந்து தன்னுடையதில் சுற்றினாள். அச்சுப் பிரிவுக்கும் ஸ்ப்ரே பிரிவுக்கும் போய் அவர்கள் இருவருடையதிலும் தன் கையாலேயே சுற்றிவிட்டு வந்தாள். காயக் காய நனைத்தாள். சாயங்காலம் அவிழ்த்து, துடைத்துக் கொடுத்தபோது லேப்காரர் சந்தோஷப்பட்டார். இவ்வளவு சுத்தமாக எந்த ஃபாக்டரியிலும் திருப்பித் தந்ததில்லை என்றார்.

டாக்டர் அதைக் கேட்டு முடித்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார். "அம்மா, அது தூசியத் திங்கற மிஷின். உங்க மூக்குக்குள்ள எவ்வளவு போகுதுன்னு தெரியத்தான் உங்க மூக்குப் பக்கத்துல மாட்டினது. உள்ள போற தூசியத்தான் எண்ணுவாங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அந்த மூன்று துணிகள்தான் நினைவுக்கு வந்தன. அன்று சாயங்காலம் அவற்றை ஷெட்டுக் குழாயடியில் அலசினாள். தண்ணீர் பால்போல ஓடியது. மூன்று அலசு அலசிய பிறகுதான் தெளிந்தது. அலசி, கொடியில் காயப்போட்டிருந்தாள்.

"அப்ப திரும்ப அளங்க சார்" என்றார் தலைவர். "தெரியாம செஞ்சது. ஒரு நாள் வேலை."

மேனேஜர் ஒப்பந்தத்தை அதிகாரி பக்கம் நகர்த்தினார். "எண் வந்தப்பறம் முறையப் பத்திப் பேச்சு இல்ல. அத நாங்க மட்டும் எழுதல."

"துணி இல்லாம இருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க புரொபசர்" என்றார் டாக்டர்.

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததுக்கு நம்பர் போட முடியுமா?"

"முப்பது வருஷமா நெஞ்சு பாத்தவன் நான்."

"அது அனுபவம் டாக்டர். அளவு இல்ல."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். அவரும் களைத்துப்போயிருந்தார். "அம்மா, இப்ப நீங்க சொன்னதப் பதிவு பண்ணணுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"பதிவு பண்ணுனா எனக்கு வேற வழி இல்ல சார்" என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை. "அளக்கற கருவியில கை வச்சா விசாரணை. அது விதி. மூணு பேருக்கும்."

மேசைக்கு அடியில் அச்சுக்காரர் அவள் காலை மிதித்தார். ஸ்ப்ரேக்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் வேலை.

"எழுதுனா திரும்ப அளப்பீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"மேல எழுதிக் கேக்கணும். ஆறு மாசம் ஆகலாம். முடியாதுன்னும் சொல்லலாம். அதுவரைக்கும் இந்த நம்பர்தான் நம்பர்."

"எழுதுங்க. மூணுலயும் துணி சுத்துனது நான். இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது."

அச்சுக்காரரின் கால் விலகியது. அதிகாரி எழுதினார். படித்துக் காட்டினார்: 'தொழிலாளி ஒருவர் தம் விருப்பத்தின்பேரில் கருவிகளின் செயல்பாட்டில் குறுக்கிட்டதாக ஒப்புக்கொண்டார்.'

"நான் அப்படிச் சொல்லலியே. பத்திரமா பாத்துக்கிட்டோம்னுதான சொன்னேன்."

"எழுத்துல வரும்போது அப்படித்தாம்மா வரும்."

கையெழுத்துப் போட்டாள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை. விசாரணை முடியும்வரை உள்ளே வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். தேய்த்துக்கொண்டிருந்த பேசினை யாராவது முடித்துவிடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தலைவர் தலை நிமிரவில்லை. டாக்டர் எக்ஸ்ரேக்களை ஒவ்வொன்றாக எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருபத்தாறு என்று வீட்டில் எப்படிச் சொல்வது? அவர் படியில் உட்கார்ந்திருப்பார். சொன்னால், ஏன் என்று கேட்பார்.

முற்றத்தில் புரொபசரின் கார் நின்றது. கறுப்புக் கார். இப்போது சாம்பல் பூசியதுபோல இருந்தது. டிரைவர் முன்கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். அந்தக் கோட்டில்தான் கறுப்பு தெரிந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டான். "ஒரு ஈரத்துணி கிடைக்குமா?"

அவள் நின்றாள். பெயர் தெரிந்து கூப்பிடுகிறானோ என்று ஒரு கணம் தோன்றியது.

"காலையிலதான் கழுவினேன். ரெண்டு மணி நேரம் நின்னதுக்குப் பாருங்க. காஞ்ச துணி போட்டா கீறல் விழும், சாரு திட்டுவாரு."

இடுப்பில் இருந்ததை உருவிக் கொடுத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்தான், பக்கக் கண்ணாடிகளைத் துடைத்தான், துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கம் தேடினான். புரொபசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பின்கதவைத் தானே திறந்து உட்கார்ந்து, கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றினார்.

டிரைவர் துணியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தபோது இருந்ததைவிட அது கனமாக இருந்தது.