முதுகில் ஐந்து கிலோ ரொட்டி

சாந்தா மோனிக்கா என்ற ஊரில் ரொட்டி தட்டி விற்கும் பெண்களுக்கென்று வருடத்துக்கு ஓர் ஓட்டப்பந்தயம் உண்டு. முதுகில் ஐந்து கிலோ சோள ரொட்டியைச் சால்வையில் கட்டிக்கொண்டு, பாவாடையும் தோல்செருப்புமாகத் தேவாலயத்தில் புறப்பட்டுக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி மறுபடி தேவாலயத்துக்கே வர வேண்டும். ஐந்து கிலோமீட்டர். மற்ற வருடங்களில் முதல் பரிசு மிக்ஸி, கம்பளி, ஒரு தடவை ஆட்டுக்கிடா. இந்த வருடம் நகராட்சித் தலைவருக்குத் தேர்தல் நெருங்கிவிட்டதால் முதல் பரிசு ஓர் அரைவை மில். கரண்டில் ஓடுவது. அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டித் தேவாலய வாசலில் நிறுத்திவைத்த நாளிலிருந்து அனயெலிக்கு வேறு நினைப்பில்லை.

அனயெலி தன் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலைதான் இன்னும் வாங்கவில்லை. அம்மா தொமித்திலா முப்பது வருடமாக ரொட்டி தட்டுகிறாள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தை வாளியில் சுமந்துகொண்டுபோய், ஊரில் இருக்கும் ஒரே மில்லில் விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். மில்காரன் பாஸிலியோவுக்கு யார்மீதாவது எரிச்சல் வந்தால் அவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவான். அவனுக்கு எரிச்சல் வராத நாள் கிடையாது. "உன் மக பெரிய படிப்பு படிச்சவளாமே, அவளையே அரைச்சுத் தரச் சொல்லு" என்று சொல்லி ஒருநாள் அம்மாவையும் அனுப்பினான். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றாளாம். இதை அம்மா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பாஸிலியோவின் பல்லைப் பெயர்த்தால் என்ன என்று அனயெலி இரண்டு நாள் யோசித்தாள். அதைவிட மில்லை ஜெயிப்பது சுலபம் என்று மூன்றாம் நாள் முடிவு செய்தாள்.

கல்லூரியில் அவள் ஓடியிருக்கிறாள். அங்கே பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். முதல் கிலோமீட்டரில் எவள் முந்தினாலும் விடு. ஏற்றத்தில் குனியாதே. இறக்கத்தில் அடியைச் சின்னதாக்கு. பந்தயத்தன்று புதுச் செருப்பு போடாதே. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சோளக்கஞ்சி, அதற்குமேல் எதுவும் வேண்டாம். மூன்று மாதம் பையில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடினாள். காலைப் பழக்கினாள், மூச்சைப் பழக்கினாள், தூக்கத்தைக்கூடப் பழக்கினாள். கையை மட்டும் மறந்துவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் நகரத்து ஜிம்மிலிருந்து ஒருத்தி வந்து, கடையில் வாங்கிய ரொட்டியை முதுகில் கட்டி ஓடிப் பரிசைத் தட்டிக்கொண்டு போயிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு விதி போட்டிருந்தார்கள். ஓடுகிறவள் மூன்று நடுவர் அம்மாக்களின் முன்னால் ஒரு ரொட்டி தட்டிக் காட்ட வேண்டும். அந்த விதி அனயெலிக்கும் தெரியும். பேருக்குத்தானே, ஒரு ரொட்டிதானே என்று நினைத்துவிட்டாள்.

பந்தயத்தன்று நடுவர்களின் முன்னால் மாவு அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உரித்துக் கல்லில் போட்டபோது ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் கிழிந்தும் கிடந்தது.

நடுவர்களில் குண்டாக இருந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "என்னம்மா இது, வெராக்ரூஸ் மாநில மேப்பா?"

"கடற்கரைகூட வந்திருக்கு பாரு" என்றாள் அடுத்தவள்.

"எங்கம்மா தட்டின ரொட்டிதான் என் முதுகுல இருக்கு. கடையில வாங்கினது இல்ல. உங்களுக்கே தெரியும்" என்றாள் அனயெலி.

"தெரியும் கண்ணு. ஆனா ஓடுறது யாரு, உங்கம்மாவா? தட்டுறவதான் ஓடணும்."

"நான் தொமித்திலா மக. இந்த ரொட்டியில வந்த காசுலதான் படிச்சேன்."

"சாப்பிட்டவங்க எல்லாம் ஓடலாம்னா ஊரே ஓடும்."

அடுப்புப் பக்கமே வராதே, பேனா பிடிக்கிற கை சுட்டுக்கொள்ளக் கூடாது என்று அம்மா அவளை விரட்டியே வளர்த்திருந்தாள். அதை இந்த மூன்று பேரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அனயெலி முதுகுச் சுமையை அவிழ்த்துக் கீழே வைத்தாள். காது சூடாகி எரிந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு கை மாவை எடுத்தாள். நடுவர்களைப் பார்த்தபடியே தட்டினாள், மாவைப் பார்க்கவில்லை. ரொட்டி கல்லில் விழுந்து பூரித்தது.

"என் பேரை எழுதிக்கோங்க" என்றாள்.

ஓட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. அனயெலி, மூட்டையை எடுத்து முதுகில் கட்டிக்கொண்ட அம்மாவைத் தேவாலயச் சுவரோரம் இழுத்துப்போனாள்.

"அம்மா, உனக்கு நாப்பத்தெட்டு வயசு."

"தெரியும். நான்தானே வாழ்ந்தேன்."

"விளையாடாத. சொல்றதைக் கேளு. முதல்ல எல்லாரும் கண்ணு மண்ணு தெரியாம ஓடுவாளுங்க. நீ கடைசியில போ."

"கடைசியில நிக்கிறதுல எனக்கு நல்ல பழக்கம்டி."

அனயெலி காதில் வாங்காததுபோல மேலே பேசினாள். "கல்லறைத் தோட்டம் வர்ற வரைக்கும் யாரையும் முந்தாத. அங்கேருந்து ஒவ்வொருத்தியா பிடி. முன்னால போறவ முதுகை மட்டும் பாரு, கூட்டத்தைப் பாக்காத. மூட்டையை இடுப்புல கட்டாத, தோளுக்கு நடுவுல ஏத்திக் கட்டு."

"முப்பது வருஷமா சுமக்கிறேன். எங்க கட்டணும்னு நீ சொல்றியா?"

"நீ நடந்து சுமந்திருக்க. ஓடினா குதிக்கும்."

அம்மா யோசித்துவிட்டு முடிச்சை அவிழ்த்து இரண்டு விரல் உயர்த்திக் கட்டினாள். தராசில் ஐந்து கிலோவும் இருபது கிராமும் காட்டியது. நாற்பத்தொரு பெண்கள் கோட்டில் நின்றார்கள்.

முதல் தெருவில் தொமித்திலா கடைசி ஆள். திண்பண்டக் கடைக்காரன் ஒருவன், "அக்கா, அடுத்த வருஷத்துக்கு இப்பவே கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவள் திரும்பவில்லை. மகள் சொன்னபடி முன்னால் போனவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். ஏற்றத்தில் இளசுகள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். மூட்டை சரிந்து ஒருத்தியின் ரொட்டி புழுதியில் உருண்டது. கல்லறைத் தோட்டத்துத் திருப்பத்தில் மதில்மேல் ஏறி நின்ற அனயெலி எண்ணிப் பார்த்தாள். அம்மாவுக்கு முன்னால் ஏழு பேர். முதல் ஆள் எர்மெலிந்தா, மூன்று வருடமாகப் பரிசு வாங்குகிறவள், சுமையே இல்லாததுபோல ஓடுகிறவள்.

அனயெலி மதிலிலிருந்து உள்ளே குதித்துக் கல்லறைகளுக்கு நடுவே ஓடி மறுபக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து காத்திருந்தாள். அங்கிருந்து தேவாலயம் நானூறு மீட்டர். முதலில் வளைவில் தெரிந்தது அம்மாவின் நீலப் பாவாடை. எர்மெலிந்தா அரைத் தெரு பின்னால் வந்தாள். மில் வீட்டு முற்றத்தில் எங்கே நிற்கும் என்றுகூட அனயெலியின் மனம் இடம் பார்த்துவிட்டது.

அப்போது நிறுத்தத்தில் நின்ற சின்னப் பேருந்தின் ஜன்னலிலிருந்து ஓட்டுநர் எலேயுதேரியோ தலையை நீட்டினார். தினம் அம்மாவிடம் வாங்குகிறவர். பசி நேரம்.

"தொமி அக்கா, ஒரு டஜன்."

அம்மா நின்றாள்.

முதுகு மூட்டையை முன்னால் இழுத்து, துணியை விலக்கி, மூன்று மூன்றாக நான்கு தடவை எண்ணி, ஜன்னலில் நீட்டினாள். "சூடா இல்ல, கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவர் கொடுத்த நாணயத்தை இடுப்புப் பையில் போட்டாள்.

"அம்மா, ஓடு" என்று அனயெலி கத்திய கத்தலில் பேருந்துக்குள் இருந்தவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். அம்மா ஏதோ கனவிலிருந்து முழித்தவள்போல மூட்டையை முதுகில் தள்ளிக்கொண்டு ஓடினாள். எர்மெலிந்தாவின் மூச்சு அவள் கழுத்தில் பட்டிருக்கும். ஆனாலும் நான்கு அடி முன்னால் அம்மாதான் கோட்டைத் தாண்டினாள். பாண்டு வாத்தியம் முழங்கியது. யாரோ அம்மாவின் தலையில் பூவைப் போட்டார்கள்.

மூட்டையைத் தராசில் வைத்தார்கள். நான்கு கிலோ ஐந்நூற்று நாற்பது.

பாண்டு நின்றுபோனது.

"எங்கேயாவது விழுந்துச்சா அக்கா?" என்று தராசுக்காரர் கேட்டார்.

"விழல. வித்துட்டேன்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் சிரித்தவள் அந்தக் குண்டு நடுவர். "இவ ரொட்டிக்காரி இல்லன்னு இனிமே எவன் சொல்லுவான்?" என்றாள். அதன்பின் சதுக்கம் முழுவதும் சிரித்தது. எலேயுதேரியோ மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு காகிதப் பொட்டலத்தைத் தராசில் வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. இதையும் சேர்த்துக்கோங்க."

"இதுல பத்துதான் இருக்கு" என்றார் தராசுக்காரர்.

"ரெண்டு தின்னுட்டேன்."

அனயெலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, ரொட்டிக்காரிதான் ஓடணும்னு? ரொட்டிக்காரி விக்கத்தான் செய்வா. அவ நின்னு வித்துட்டும் முதல்ல வந்திருக்கா. அதுக்கு ரெண்டு பரிசு குடுக்கணும்."

"நியாயமாத்தான் பேசுற. ஆனா அஞ்சு கிலோன்னா அஞ்சு கிலோ" என்றாள் குண்டு நடுவர்.

"விதி யாரு எழுதினது? சுமக்கிறவளா எழுதினா?"

"விடுடி. குறைஞ்சது குறைஞ்சதுதான்" என்றாள் அம்மா. மூட்டையைத் தராசிலிருந்து எடுத்துத் தேவாலயப் படியில் விரித்து உட்கார்ந்தாள். கூட்டம் பசியோடு இருந்தது. எதிரே ஒருவன் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான். எர்மெலிந்தாவை மில்லோடு சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் அம்மாவின் துணியில் பாதி ரொட்டி தீர்ந்திருந்தது.

அனயெலி அம்மாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம். செங்கல். ஜன்னலிலிருந்து நீண்ட ஒரு தலை.

"உன் தாள்ல எழுதாம விட்டுட்ட" என்றாள் அம்மா மெதுவாக.

"எதை?"

"வழியில விக்காதன்னு."

"அதைக்கூட எழுதணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

எர்மெலிந்தா கழுத்தில் மாலையோடு வந்து நின்றாள். பரிசு வாங்கியவளின் முகமாக இல்லை.

"தொமி, நீ நிக்காம இருந்தா நான் உன்னைப் பிடிச்சிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

"அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள் அனயெலி.

"இல்ல. இந்தச் சனியன் மில்லு எங்க வீட்டுக் கரண்டு லைன்ல ஓடாதாம். பெரிய கனெக்‌ஷன் வேணுமாம். மனு எழுதணும், ஆபீசுக்கு நடக்கணும், அவன் நாளைக்கு வான்னு சொல்லுவான். எனக்குக் கையெழுத்தே தகராறு." எர்மெலிந்தா மாலையைக் கழற்றினாள். "நீ படிச்சவ. இப்ப நடுவருங்ககிட்ட பேசின மாதிரி அங்கே வந்து பேசுவியா?"

அனயெலி மில்லைப் பார்த்தாள். இரண்டு பேர் அதை வண்டியில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அது இவர்கள் வீட்டுக்கு வரவில்லை. எர்மெலிந்தாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. பாஸிலியோவின் மில்லுக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மனு எழுதறேன். கனெக்‌ஷன் வர்ற வரைக்கும் அலையறேன்" என்றாள். "ஆனா எங்கம்மா சோளத்தைத்தான் தினமும் முதல்ல அரைக்கணும். வரிசையெல்லாம் கிடையாது. அரைக்கிற கூலி எல்லாருக்கும் உள்ளதுதான், சும்மா கேக்கல."

"எத்தனை நாளைக்கு?"

"மில்லு ஓடுற வரைக்கும்."

"உன் மக வாயி உனக்கு இல்லையே தொமி" என்றாள் எர்மெலிந்தா. "சரி. ஆறு மணிக்கு வரச் சொல்லு."

அம்மா ஒரு டஜனை எண்ணி யாருக்கோ நீட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "ஆறுன்னா லேட்டு. ஷிப்டுக்குப் போறவங்க ஏழு மணிக்குக் கேப்பாங்க. அஞ்சரைன்னு பேசு."

"அஞ்சரை" என்றாள் அனயெலி.