ஆறு லிட்டர் பாட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி

நேரு வீதிக்குப் பின்னால் ஒயின் கடை வைத்திருக்கும் இராமதாஸுக்கு மீசையின் வலப்பாதி முழுக்க நரைத்துவிட்டது. இடப்பாதி மை போலக் கறுப்பு. நாற்காலிக்கு இடப்பக்கம் பதினோரு வருஷமாக விற்காமல் நிற்கும் ஆறு லிட்டர் பாட்டில்தான் காரணம். பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாகத்தான் முதிரும் என்பது தெரிந்த சங்கதி. இந்தப் பாட்டில் கொஞ்சம் அதிகப்படி. கை எட்டும் தூரத்தில் இருந்த எல்லாவற்றையும் மெதுவாக்கியது. பூக்காரி மிச்சமான மல்லிகையை அதனருகே வைத்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் மொட்டாகவே எடுத்து விற்றாள். இராமதாஸ் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்டார். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பாட்டிலை வாங்கலாமா வேண்டாமா என்று முத்தியால்பேட்டை மதிவாணன் எட்டு மாதம் யோசித்தார். மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடியே பழகிய கைக்குத் திறக்க வரவில்லை போலும். மனைவி அமிர்தவல்லியின் புடவை பீரோவில் இருபத்தேழு சாதா ஒயின் பாட்டில்களைச் சேர்த்து வைத்திருந்தாரே தவிர, ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. நல்ல நாள் வரட்டும் என்பார். மகளுக்கு வேலை கிடைத்தது, மாடி கட்டி முடிந்தது, கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது; எதுவுமே பாட்டில் திறக்கும் அளவுக்கு நல்ல நாளாக அவருக்குப் படவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பீரோவைத் திறந்து "கலெக்ஷன்" என்று காட்டுவார். அவர்களும் அந்துருண்டை வாசனையோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

டேப் வைத்து அளந்ததில், பெரிய பாட்டில் பீரோ தட்டில் நிற்காது என்று தெரிந்தது. திறந்தால் நாற்பது பேராவது வேண்டும். தன்னோடு பேச்சுவார்த்தையில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தார். ஒன்பது பேர் தேறினார்கள். அதில் மூன்று பேர் மதுவைத் தொடாதவர்கள், ஒருவர் மாடியில் குடியிருப்பவர், பேசித்தான் ஆக வேண்டும். இன்னும் முப்பது வருஷம் போனால்தான் ஒயின் பதத்துக்கு வரும் என்று இராமதாஸ் வேறு சொல்லியிருந்தார். மதிவாணனுக்கு வயது அறுபத்தொன்று. தொண்ணூற்றொன்றில் கார்க்கைத் திருகத் தெம்பு இருக்குமா என்று கவலைப்பட்டபோதுதான் அந்த மீசை கண்ணில் பட்டது. பாட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்துவிட்டால் முப்பது வருஷம் மூன்று வருஷமாகக் கழிந்துவிடும்! இவ்வளவு பெரிய மூளை மூடிக் கம்பெனியில் வீணாகிவிட்டதே என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"பத்து நாளு வூட்ல வச்சிப் பாருங்கண்ணே, புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுங்க" என்றார் இராமதாஸ். மதிவாணன் மொபெட்டில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனார். அவருக்கு அது பத்து நிமிஷப் பயணம்தான். வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

கட்டிலோரம் பாட்டிலை நிறுத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தார். கையில் இருந்த காபி ஆறவில்லை. நகம் வளரவில்லை. வாரத்தில் வெளுத்துவிடும் தலைச்சாயம் அப்படியே நின்றது. அறையின் மறுகோடியில் அமிர்தவல்லி தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். குழம்புக்கு உப்பு போதுமா என்று அவள் கேட்டு, இவர் "ம்" என்பதற்குள் இரண்டு ரவிக்கை முடித்திருப்பாள்.

பத்தாம் நாள் காலை அவள் மெஷினை நிறுத்தினாள். "முப்பது வருஷம் கழிச்சி நீங்க கார்க்க எடுக்கறப்ப ஒங்களுக்கு அறுவத்தி நாலு. நா இருந்தா எனக்கு எம்பத்தெட்டு. இல்லன்னா போட்டோவுக்கு முன்னால ஒரு கிளாஸ் வச்சிடுங்க" என்றாள்.

அந்த வார்த்தைகள் மதிவாணனிடம் வந்து சேர மத்தியானம் ஆனது. நிமிர்ந்து பார்த்தார். அவள் வகிட்டில் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளை ஏறியிருந்தது, மூக்குக்கண்ணாடிகூடப் புதிது. இவருக்கு அது ஒரே ஒரு நாள். அவள் இல்லாத வீட்டில், கறுகறுவென்ற தலையோடு, தனியாக நாற்பது டம்ளர் கழுவிக்கொண்டு நிற்கும் ஆளை நினைத்துப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. அட முட்டாப்பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தார்.

அன்றைக்கே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, ஒரு விசேஷமும் இல்லை. சாயங்காலம் பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தார். இத்தனை வருஷ வெயிலில் வெந்து, முதல் எட்டுப் பாட்டிலும் காடியாகப் புளித்திருந்தன. "ஒங்க கலெக்ஷன் மீன் ஊறுகாய்க்குத்தான் ஆவும்" என்று அமிர்தவல்லி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒன்பதாவது ஏதோ கொஞ்சம் ஒயினாக இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு பேருக்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

அடுத்த மாதம் தலை வெளுத்துக் கடைக்குப் போன மதிவாணன் எல்லாவற்றையும் சொன்னார். இராமதாஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, நாற்காலியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, வலது கன்னம் பாட்டில் பக்கம் வரும்படி உட்கார்ந்தார். இன்னும் பதினோரு வருஷத்தில் மீசையின் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். பூக்காரி வந்து மிச்ச மல்லிகையை வைத்துவிட்டுப் போனாள்.