வாசலில் நிற்கும் கால்கள்

தெருவெல்லாம் நடந்து வருகிற கண்ணாயிரம், தன் வீட்டு நிலைப்படிக்கு முன்னால் மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவான். உள்ளே மனைவி வடிவு சோறு போட்டுவைத்துக் கூப்பிடுவாள். அவன் முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. தன்னோடு வாழப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அவள் வேறென்ன நினைப்பாள்?

வைகாசித் திருவிழாவில் அந்தச் சந்தேகம் முற்றியது. கண்ணாயிரம் பெருமாள் பல்லக்குத் தூக்குகிறவன். தோளில் தண்டு, முன்னால் தவில். மற்றவர்களோடு சேர்ந்து ஒரே நடையில் மாட வீதி முழுக்கப் போனான், எங்கும் நிற்கவில்லை. அதைப் பார்த்த வடிவு வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள், ஐயம்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட.

அவள் அண்ணன் பூவராகவன்தான் தடுத்தான். "மாப்பிள்ளைக்குக் கை வேற நடுங்குதேம்மா. பட்டணத்து ஆஸ்பத்திரில காட்டிட்டு அப்பால போயேன்."

டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாயிரத்தை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"நடிப்பில்லைம்மா. மூளையில நடையைக் கவனிக்கிற நரம்பு செல்கள் செத்துக்கிட்டு வருது. சிரிப்பு வராததும் அதனாலதான்."

"ஏன் சார் சாவுது?"

"முதல்ல எதனாலயோ திணறுது. எதனாலன்னு யாருக்கும் சரியாத் தெரியலை. பல்லக்குல சிலர் விலகினா மத்தவங்க தோள்ல பாரம் ஏறுமில்ல? அப்படி மிச்ச செல்களும் தாங்காமச் சாவுதோ என்னவோ."

"ஐயோ, பெருமாளத் தூக்கினதாலயா?"

"இல்லவே இல்லைம்மா."

"தூக்கிக்கினு மட்டும் நல்லா நடந்தாரே?"

"தாளம் கேட்டா சிலருக்குக் கால் வரும். அது எப்படின்னு எனக்கும் புரியலை."

டாக்டருக்கே புரியாதது அவளுக்கு எப்படிப் புரியும்? பஸ்ஸில் வழியெல்லாம் அவன் கையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் அவன் மறுபடியும் நின்றான். வடிவு மட்டும் உள்ளே போய், கட்டிவைத்த பெட்டியின் முன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தட்டினாள்.

"இது இன்னாடி, கல்யாண மேளமா? பல்லக்கு நடை மெதுவா இருக்கும்."

மெதுவாகத் தட்டினாள். ஒரு கால் எழுந்தது. அடுத்ததும். படி தாண்டி உள்ளே வந்துவிட்டான்.

"சந்தோஷமாய்யா?"

முகம் அசையவில்லை. "சந்தோஷந்தான். மூஞ்சிதான் சொல்லமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"புடவையெல்லாம் வெளிய எடுத்துடும்மா," என்றான் அவன். "காலிப் பெட்டின்னாத்தான் சத்தம் நல்லா கேக்கும்."